மௌனமும் ஆண்மையும்: முதல் உலகப் போரைப் பற்றிய பிற்காலப் புதினங்கள் எழுப்பும் ஒரு வினா

1917ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இலண்டன் அரச மருத்துவச் சங்கத்தின் உளநோய்ப் பிரிவினர் முன்னிலையில் ஓர் ஆய்வுரை படிக்கப்பெற்றது. போர் அனுபவங்களை மனத்துள் அடக்கிவைத்தல் என்பது அதன் பொருள். படித்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் மருத்துவர். கென்ட் மாவட்டத்துக் குருவானவர் ஒருவரின் மகன். மானிடவியலிலும் உளவியலிலும் பேர்பெற்றவர். இளமைமுதல் திக்குவாய் உடையவர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் அச்சேறிய அவ்வுரை நீண்டதன்று. ஆயினும் ஆண்மகன் என்போன் யார் என்னும் வினாவைப் போர்க்களத்தின் நடுவிலிருந்து எழுப்பிய எழுத்துகளுள் அதற்குத் தனியிடம் உண்டு.

ரிவர்ஸ் அப்போது ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் மனம் முறிந்த படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்து முடித்திருந்தார். அவரிடம் வந்தவர்கள் அனைவரும் முன்னரே ஒரே அறிவுரையைப் பலர் வாயிலாகக் கேட்டிருந்தனர். மருத்துவரும் உறவினரும் நண்பரும் சொன்னது ஒன்றே: கண்டதை மறந்துவிடு, அழகிய காட்சிகளை எண்ணிக்கொள், ஆண்பிள்ளையாக இரு. அவ்வாறே அவர்கள் பகலெல்லாம் நினைவை அடக்கினர். இரவில் அது கொடுங்கனவாக வந்து அலறச் செய்தது. ரிவர்ஸ் இதற்கு மாறாக, நினைவுகூரவும் பேசவும் அவர்களைத் தூண்டினார். தோழனின் உடல் சிதறிக் கிடக்கக் கண்ட அதிகாரி ஒருவரிடம், அச்சிதைவே அவன் நொடிப்பொழுதில் வேதனையின்றி இறந்ததற்குச் சான்றல்லவா என்று எடுத்துக்காட்டினார். அந்நினைவை அவர் அஞ்சாமல் எதிர்கொள்ளத் தொடங்கியபின் கனவின் கொடுமை தணிந்தது. மற்றோர் அதிகாரி, குண்டு வெடித்ததில் தூக்கி எறியப்பட்டு, இறந்து பல நாளான ஜெர்மானியன் ஒருவனின் உப்பிய வயிற்றின்மேல் முகம் பதிய விழுந்தவர். அந்நினைவில் பற்றிக்கொள்ளத்தக்க ஆறுதல் எதையும் ரிவர்ஸால் காண முடியவில்லை. முடியவில்லை என்பதையும் அவர் எழுதிவைத்தார். மரணப்படுக்கையருகே அமர்ந்து பழகிய போதகர் எவரும் இந்த இரண்டாம் நேர்வை எளிதில் கடந்துசெல்லமாட்டார்.

இம்மனிதரையும் இம்மருத்துவமனையையும் நடுவாக வைத்து, எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலப் பெண் நாவலாசிரியர் பாட் பார்க்கர் மூன்று புதினங்களை எழுதினார்: 'ரீஜெனரேஷன்' (1991), 'தி ஐ இன் தி டோர்' (1993), 'தி கோஸ்ட் ரோட்' (1995). மூன்றாவதற்கு 1995இல் புக்கர் பரிசு கிடைத்தது. முதல் நூலின் தலைப்பு ரிவர்ஸின் வேறோர் ஆராய்ச்சியைக் குறிப்பது. 1903இல் ஹென்றி ஹெட் என்னும் மருத்துவர் தம் கையின் நரம்பொன்றைத் தாமே வெட்டுவித்துக்கொள்ள, அந்நரம்பு மீண்டும் வளர்ந்து உணர்வு திரும்புவதை ரிவர்ஸ் சில ஆண்டுகள் சோதித்துப் பதிவு செய்தார். அவ்வாறு மீண்டும் வளர்தலே தலைப்பின் நேர்ப்பொருள். ஆனால் ஆங்கில வேதாகமத்தில் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் மறுஜென்மத்தைக் குறிப்பதும் அதே சொல்தான். ஆங்கிலத் திருச்சபையின் ஞானஸ்நான ஒழுங்கிலும் அது உண்டு. பார்க்கர் இதனை அறியாதவராய் இருந்திருக்க இயலாது. வெட்டுண்ட நரம்பு வளர்வது போலப் புதுமனிதன் பிறக்கிறானா, அல்லது மீண்டும் களத்துக்கு அனுப்பத்தக்க பழைய மனிதனே செப்பனிடப்படுகிறானா என்னும் ஐயம் நூல் முழுதும் நிற்கிறது.

இந்நூல்களைப் பின்நவீனத்துவப் புதினங்களோடு சேர்த்துப் படிப்பது வழக்கம். பின்நவீனத்துவம் என்னும் சொல் நம் இறையியல் வகுப்புகளில் பலவாறு கையாளப்படுவதால் ஒரு விளக்கம் தேவை. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் லியோத்தார் 1979இல் எழுதிய நூலில், எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் அடக்கிப் பொருள் சொல்லும் பெருங்கதைகளின்மீது நம்பிக்கை குன்றிய நிலையையே அச்சொல்லால் சுட்டினார். நாடு, முன்னேற்றம், வீரம் என்பன அத்தகைய பெருங்கதைகள். 1988இல் கனடாவின் லிண்டா ஹட்சன், மெய்யான வரலாற்று மாந்தரையும் கற்பனை மாந்தரையும் கலந்து, வரலாறு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதையே கேள்விக்குள்ளாக்கும் புதினங்களை இப்போக்கின் தனி வகையாக வகுத்தார். பார்க்கரின் நடை எளிமையானது. கதைசொல்லும் முறையில் விந்தை ஏதும் இல்லை. எனினும் ரிவர்ஸ், கவிஞர் சீக்ஃபிரிட் சசூன், கவிஞர் வில்ஃபிரட் ஓவன் ஆகிய மெய்மாந்தரிடையே பில்லி பிரயர் என்னும் கற்பனை அதிகாரியை உலவவிட்டு, எது பதிவு, எது புனைவு என்பதை நூலிறுதிக் குறிப்பில் பிரித்துக்காட்டும் அளவில் அவர் அவ்வகையைச் சேர்ந்தவரே.

அவருக்கு முன்னரும் சிலர் இத்திசையில் நடந்தனர். வர்ஜினியா உல்ஃப் 1925இல் எழுதிய 'மிஸஸ் டாலோவே' புதினத்தில் செப்டிமஸ் என்னும் படைவீரன், தோழன் இறந்தபோது தான் ஒன்றும் உணரவில்லை என்று பெருமை கொள்கிறான். பின்னர் அவ்வுணர்ச்சியின்மையே அவனைப் பித்தாக்குகிறது. அமெரிக்கரான கர்ட் வானகட் 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' (1969) நூலின் முதல் அதிகாரத்தில் ஒரு செய்தி சொல்கிறார். 1945இல் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்ததைப் பற்றி எழுதவெண்ணித் தம் பழைய படைத்தோழரின் இல்லத்துக்குச் சென்றபோது, அத்தோழரின் மனைவி மேரி ஓஹேர் சினந்தாராம். நீங்கள் அன்று பச்சைக் குழந்தைகளாய் இருந்தீர்கள். ஆனால் வளர்ந்த ஆண்களாய்க் காட்டி எழுதுவீர்கள், திரைப்பட வீரர்கள் உங்களாக நடிப்பார்கள், போர் இனியது என்றெண்ணி நம் பிள்ளைகளும் போவார்கள் என்பது அவர் முறையீடு. வானகட் அவ்வாறு எழுதேன் என்று வாக்களித்தார். நூலுக்குச் 'சிறுவர் சிலுவைப் போர்' என்னும் துணைத்தலைப்பு இட்டார். நூலைப் படைத்தளித்த இருவரில் ஒருவராக அவ்வம்மையாரையே குறித்தார். போர்க்கதையில் ஆண்மை எவ்வாறு சமைக்கப்படுகிறது என்பதைச் சமையலறையில் நின்ற ஒரு தாய் கண்டு சொன்னதாக அந்நூல் தொடங்குகிறது. வியட்நாம் போரைப் பற்றி டிம் ஓபிரையன் எழுதிய 'தி திங்ஸ் தே கேரீட்' (1990) நூலில் கதைசொல்லி தான் போருக்குப் போனது துணிவால் அன்று, ஊரார் நகைப்பரே என்னும் நாணத்தால் என்று கூறுகிறான்.

பார்க்கர் செய்தது இவர்களினும் வரலாற்றுச் சார்பு மிக்கது. அவர் பதிவேடுகளிடம் சென்றார். 1915 பிப்ரவரியில் ரிவர்ஸின் மாணவர் சார்லஸ் மயர்ஸ் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையால் 'ஷெல் ஷாக்' என்னும் குண்டதிர்ச்சி நோய்ப்பெயர் வழக்கில் பரவியது. குண்டின் அதிர்வு மூளையைத் தாக்குவதால் வருவது என்று முதலில் கருதினர். குண்டு விழாத இடத்தில் இருந்தவர்களும் வாய்பேச இயலாமலும் கால் வழங்காமலும் கண் தெரியாமலும் வந்தபோது அக்கருத்து தளர்ந்தது. காயம் இல்லை; உறுப்பு இயங்கவில்லை. இத்தகைய நிலைக்கு அக்கால மருத்துவத்தில் ஒரு பெயர் முன்னரே இருந்தது: ஹிஸ்டீரியா. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்களின் நோயாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. இப்போது போரில் பயிற்றப்பட்ட ஆண்களுக்கு அதே குறிகள் ஆயிரக்கணக்கில் தோன்றின. போர் முடிவதற்குள் பிரிட்டானியப் படையில் ஏறத்தாழ 80,000 பேர் இவ்வகை நோயாளராயினர். பெயரும் பதவிக்கேற்பப் பிரிந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு ஹிஸ்டீரியா. அதிகாரிக்கு நியூரஸ்தீனியா, அதாவது நரம்புத் தளர்ச்சி. சிப்பாய் ஊமையானான், அதிகாரி திக்கினார். பெண்பால் நோயை ஆணுக்குச் சூட்டுவதே இழுக்கென்றால், அதைக் கனவான்களுக்குச் சூட்டுவது பேரிழுக்கு அல்லவா?

அமெரிக்க இலக்கியத் திறனாய்வாளர் எலெய்ன் ஷோவால்டர் 1985இல் வெளியிட்ட 'தி ஃபீமேல் மேலடி' என்னும் நூல் இவ்வரலாற்றைப் பெண்ணிய நோக்கில் ஆராய்ந்தது. பார்க்கர் தாம் பயன்படுத்திய நூல்களுள் அதனைக் குறிப்பிட்டுள்ளார். போருக்குப் போன இளைஞர், இயங்கவும் தாக்கவும் வெல்லவும் போகிறோம் என்றெண்ணிச் சென்றனர். கிடைத்ததோ அகழி. நெருக்கமான ஒரு குழிக்குள் நாட்கணக்கில் கிடந்து, எங்கிருந்தோ வரும் குண்டு தம்மேல் விழுமோ என்று காத்திருப்பதே அவர்கள் செயல். தப்பவோ எதிர்க்கவோ வழியில்லை. அஞ்சுகிறேன் என்று சொல்லவும் கூடாது. பெண்களின் வாழ்வை நோயாக்கிய அதே அடைப்பும் செயலின்மையும் ஆண்களுக்கு நேர்ந்தபோது, அவர்கள் உடலும் அதே மொழியில் பேசிற்று. ரிவர்ஸின் பின்னைய ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. விமானத்தைத் தானே ஓட்டுபவனைக் காட்டிலும், கட்டப்பட்ட பலூனில் அசையாதிருந்து பகைவரைக் கவனிப்பவனே மிகுதியாக மனம் முறிந்தான் என்று அவர் கண்டார். இடர் அச்சமூட்டியது உண்மையே. ஆனால் இடரின்முன் கையால் செய்வதற்கு ஒன்றுமில்லாமையே நோயாக்கியது.

பார்க்கரின் ரிவர்ஸ் இதை உணர்ந்து துணுக்குறுகிறார். உணர்ச்சியை அடக்குவதே ஆண்மை என்று சிறுபருவம் முதல் கற்பிக்கப்பட்டவர்களிடம், அழலாம், அஞ்சினேன் எனலாம், தோழனை நேசித்தேன் எனலாம் என்று அவர் சொல்கிறார். அவ்வாறு சொல்வது அவர்கள் வளர்ப்பு முழுவதற்கும் எதிரானது. சொல்பவரின் வளர்ப்புக்கும் எதிரானது. அகழியில் இளம் அதிகாரிகள் தம் சிப்பாய்களின் கால்களைச் சோதித்தனர், உணவும் உடையும் கிடைத்தனவா என்று பார்த்தனர். தன் பொறுப்பிலுள்ளவர்களின் உயிருக்காக ஓயாது கவலைப்படும் அந்நிலை ஒரு தாயின் நிலையை ஒத்தது என்று புதினத்தில் ரிவர்ஸ் எண்ணுகிறார். அவரையே ஒரு நோயாளி ஆண் தாய் என்று அழைத்ததுண்டு. அச்சொல் அவருக்கு முற்றிலும் உவப்பாக இல்லை. பேணுதல் என்பது பெண்களுக்குரியது, ஆண் அதைச் செய்தால் இரவல் வாங்கிச் செய்கிறான் என்பது போல் அச்சொல் ஒலிக்கிறதே என்பது அவர் மனக்குறை. நம் மேய்ப்புப் பணி இறையியலில் தாய்மைப் பண்பு என்று நாம் எளிதாகக் கூறிவிடும் இடங்களில் இக்குறையை எண்ணிப்பார்க்கலாம்.

பில்லி பிரயர் இப்புதினங்களின் கூர்மையான படைப்பு. தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து அதிகாரியானவன், ஈளை நோயாளி, ஆண்களிடமும் பெண்களிடமும் ஈர்ப்புடையவன். கிரெய்க்லாக்கார்டுக்கு வரும்போது பேச்சு இழந்து, தாளில் எழுதிக்காட்டுகிறான். அதிகாரிக்கு உரிய திக்குவாய் வராமல், சிப்பாய்க்கு உரிய ஊமைநிலை அவனுக்கு வந்ததைக் கொண்டே ஆசிரியர் அவன் வர்க்கத்தைக் காட்டிவிடுகிறார். நினைவை மீட்டபோது தெரியவந்தது இதுதான்: அகழியில் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்த இருவர் குண்டுவீச்சில் சிதறினர். சிதறியவற்றை அப்புறப்படுத்தியபோது ஒரு மனிதக் கண் அவன் உள்ளங்கையில் கிடந்தது. அப்போது அவன் நாவு கட்டுண்டது. இதுதானா காரணம் என்று அவன் சினக்கிறான். பிறர் உயிரைக் காவாத குற்றம் ஏதோ தன்னிடம் இருந்திருக்கும் என்று எதிர்பார்த்திருந்தான். பாவ அறிக்கைக்கு ஆயத்தமாய் வந்தவனுக்கு அறிக்கையிடப் பாவம் இல்லை என்பது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

பெண்களின் பக்கம் வேறுவிதம். பிரயர் காதலிக்கும் சாரா லம்ப் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இலட்சக்கணக்கான பிரிட்டானியப் பெண்கள் அவ்வாறு வேலை செய்தனர், டி.என்.டி. மருந்தின் நஞ்சால் அவர்கள் தோல் மஞ்சளாயிற்று, முடியும் நிறம் மாறிற்று. ஆயினும் வீட்டுவேலையைக் காட்டிலும் கூலி மிகுதி, இரவில் தனியே நடக்கும் உரிமை புதிது. அவர்களுள் ஒருத்தி, குடித்துவிட்டு அடிக்கும் கணவன் போருக்குப் புறப்பட்ட 1914 ஆகஸ்டு 4ஆம் நாளில்தான் தன் வீட்டில் சமாதானம் பிறந்தது என்கிறாள். ஒருநாள் சாரா மருத்துவமனை ஒன்றில் வழிதவறி, கண்ணாடிக் கூடமொன்றில் பார்வையாளர் கண்ணில் படாதவாறு வைக்கப்பட்டிருந்த கையும் காலும் இழந்தோரைக் காண்கிறாள். அழகிய பெண்ணொருத்தி தம்மை நோக்குவதை அவர்கள் அஞ்சுகின்றனர். இச்சிறு காட்சி பல பக்கங்களின் வாதத்துக்கு ஈடானது. 1918இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது அது முப்பது வயது நிரம்பியவர்களுக்கே, அவர்களுள்ளும் சொத்துத் தகுதி உடையோருக்கே கிடைத்தது என்பதையும் இங்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் தோலோடு உழைத்தவர்களுள் மிகப் பலர் அவ்வயதை எட்டாதவர்கள்.

இரண்டாம் புதினம் 1918இன் ஒரு வழக்கைத் தொடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் நோயல் பெம்பர்ட்டன் பில்லிங், ஒழுக்கக்கேடான 47,000 பிரிட்டானியரின் பெயர் கொண்ட கறுப்புப் புத்தகம் ஜெர்மானியரிடம் உள்ளது என்றும், ஒருபால் ஈர்ப்புடைய அவர்களை மிரட்டியே பகைவர் நாட்டைக் கெடுக்கின்றனர் என்றும் பரப்பினார். அவதூறு வழக்கில் ஜூன் மாதம் அவர் விடுதலையாக, மக்கள் ஆரவாரித்தனர். அப்புத்தகத்தை எவரும் கண்டதில்லை. போர்முனையில் ஆண் ஆணுக்காக உயிர்விடும் அன்பை மேன்மையாகப் போற்றிய சமுதாயம், அதனாலேயே மிகுந்த அச்சமும் கொண்டது. இது உரிய வகை அன்புதானா என்று ஓயாது வேவு பார்த்தது. இவ்வச்சம் ஜெர்மானியப் படை பாரிசை நோக்கி முன்னேறிய மாதங்களில் உச்சமடைந்தது தற்செயலன்று. தோல்வி நெருங்கும்போது பழி சுமக்க ஓர் ஆட்டுக்கடா தேவைப்படுவதை லேவியராகமம் பயின்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இப்புதினங்களில் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கருத்துகள் 1917இன் மாந்தர்மேல் ஏற்றப்பட்டுள்ளன என்று வரலாற்றாசிரியர் சிலர் குறை கூறினர். அதில் ஓரளவு உண்மை உண்டு. குறிப்பாக, இலண்டன் குவீன் ஸ்குவேர் மருத்துவமனையில் மின்சாரத்தால் ஊமைச் சிப்பாய்களைப் பேசவைத்த லூயிஸ் யெலண்ட் என்பவரைக் கொடியவராகவும் ரிவர்ஸைச் சான்றோராகவும் எதிரெதிரே நிறுத்தியிருப்பது மிகை. யெலண்டின் கொடுமை அவரே 1918இல் பெருமையோடு எழுதி வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டதுதான். எனினும் அம்மருத்துவமனைக் குறிப்பேடுகளை ஆராய்ந்து 2013இல் 'பிரெயின்' இதழில் வெளிவந்த கட்டுரை, அவர் காலத்து மருத்துவர் பலரும் கையாண்ட முறையையே அவரும் கையாண்டார் என்று காட்டுகிறது. பார்க்கரும் இவ்வெதிர்நிலையில் நின்றுவிடவில்லை. யெலண்டின் சிகிச்சையைக் கண்டு திரும்பும் ரிவர்ஸ், தானும் வேறு வழியில் அதையே செய்வதாகக் கனவில் உணர்கிறார். ஊமையான சிப்பாயின் மௌனம் ஒரு மறுப்பு. சசூன் 1917 ஜூலையில் வெளியிட்ட போர் எதிர்ப்பு அறிக்கையும் ஒரு மறுப்பு. முன்னதை மின்சாரமும் பின்னதைக் கனிவும் அடக்கின. சசூன் அவ்வாண்டு நவம்பரில் பணிக்குத் திரும்பத் தகுதியுடையவரென்று மருத்துவக் குழு தீர்ப்பளித்தது. அறிவுரைப் பணியைக் கற்பிக்கும் எவரும் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். மிகுந்த அன்போடு செவிகொடுத்த ஒருவர், தாம் செவிகொடுத்துக் குணப்படுத்தியவர்களைக் கொலைக்களத்துக்கே திருப்பியனுப்பினார். குணமாதல் என்பதற்கு அவர் பணியிடம் தந்திருந்த பொருளே அதுதான். பேசமுடியாதவர்களுக்கும் திரும்பிப்போக மறுத்தவர்களுக்கும் வேறு முடிவும் காத்திருந்தது. படைக் குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பிரிட்டானியப் படைவீரருக்குப் பொது மன்னிப்பு 2006இல்தான் வந்தது.

இவ்வாண்மையைச் சமைத்ததில் திருச்சபைக்குப் பங்கில்லை என்று சொல்லவொண்ணாது. 1914 ஆகஸ்டில் அட்மிரல் பிட்ஸ்ஜெரால்டு என்பவர் ஃபோக்ஸ்டன் நகரில் முப்பது பெண்களைத் திரட்டி, படையில் சேராத ஆண்களுக்குக் கோழைமையின் அடையாளமாக வெள்ளை இறகு கொடுக்கச் செய்தார். அதே மாதங்களில் பிரசங்கபீடங்களும் ஆள்சேர்ப்பு மேடைகளாயின; இலண்டன் பேராயர் வின்னிங்டன் இங்கிராம் அவ்வகையில் முன்னணியில் நின்றார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் பவுல் ஆண்மையோடிருக்கும்படி ஏவும் சொல் அந்நாளைய பிரசங்கியர் விரும்பிய ஒன்று. அவ்வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் அவ்வோரிடத்தில் மட்டுமே வருகிறது. செப்துவஜிந்தில் யோசுவாவுக்குக் கூறப்பட்ட திடப்படுத்தலிலிருந்து அது வந்தது. ஆண்களும் பெண்களும் கூடிய ஒரு சபை முழுவதையும் நோக்கிச் சொல்லப்பட்டது. அடுத்த வசனமே எல்லாவற்றையும் அன்பில் செய்யப் பணிக்கிறது. ஆள்சேர்ப்புக்குத் தேவைப்பட்டது முதல் வசனம் மட்டுமே. வில்ஃபிரட் ஓவன் இம்மரபை உள்ளிருந்து அறிந்தவர். 1911 முதல் 1913 தொடக்கம்வரை டன்ஸ்டன் ஊர்க் குருவானவருக்கு உதவி ஊழியராய் இருந்து, விசுவாசம் தளர்ந்து, நோயுற்று வெளியேறியவர்.

பேரரசு தன் குடிமக்களுக்கு ஆண்மையைப் பங்கிட்டுக் கொடுத்த விதத்தையும் ஒரு சொல் குறிக்கலாம். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத்தலைமை வகித்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்கள் போர்க்குணம் அற்றவர் என்று முடிவு கட்டினார். போர்மறவர் இனம் என்னும் கொள்கை அவர் போன்றோரால் உரம்பெற்று மதராஸ் படைப்பிரிவுகள் குறைக்கப்பட்டன. ஒரு கோப்பின் ஓரக்குறிப்பால் ஒரு மாகாணத்தாரின் ஆண்மை தள்ளுபடியாயிற்று. பார்க்கர் இப்பக்கம் திரும்பவில்லை.

அவர் திரும்பிய பக்கம் மெலனேசியத் தீவுகள். ரிவர்ஸ் 1901–02இல் நம் நீலகிரியில் தோடரிடையே தங்கி ஆராய்ந்தவர். 1906இல் வெளிவந்த அவர் நூலில், குழந்தையைப் பெற்றவன் யார் என்பதால் அன்றி, கருவுற்ற மனைவிக்கு வில்லும் அம்பும் அளிக்கும் சடங்கைச் செய்தவன் யார் என்பதாலேயே தோடரிடம் தகப்பன்மை தீர்மானமாவதைப் பதிவு செய்தார். பால் கறத்தலும் கடைதலும் அங்குத் தூய்மை மிக்க ஆண்களின் திருப்பணி. பெண்கள் அதனை அணுகலாகாது. இங்கிலாந்தின் பண்ணைகளில் பால் கறக்கும் பெண்களைக் கண்டு வளர்ந்த ஒருவருக்கு, ஆணின் வேலை, பெண்ணின் வேலை என்பன இயற்கையின் கட்டளை அல்ல என்று புரிய இதனினும் தெளிவான பாடம் இருந்திருக்குமா? புதினத்தில் இடம்பெறுவது நீலகிரியன்று. 1908இல் அவர் தங்கிய எடிஸ்டன் தீவும், அவர் பயணம் செய்த மெலனேசிய மிஷன் கப்பலான 'சதர்ன் கிராஸ்' உம்தான். அக்கப்பலில் கிறிஸ்தவர்களாகியிருந்த தீவினர் சிலரிடம் அவர் தம் வழக்கமான வினாக்களைக் கேட்கிறார்: உமக்கு ஒரு பொற்காசு கிடைத்தால் யார் யாரோடு பகிர்வீர்? கேட்டு முடிந்ததும் அவர்கள் அதே வினாக்களை அவரிடமே கேட்கின்றனர். மணமாகாத இவர் எவரோடும் பகிரவேண்டிய கட்டாயமில்லை என்றதும் அவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். தம் சமுதாயத்தின் அளவுகோல் உலகின் அளவுகோல் அன்று என்று அவர் அக்கணத்தில் விடுதலை பெறுகிறார். மிஷன் கப்பலின் தளத்தில் புறமதத்தார் மனந்திரும்பிய கதைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். குருவானவரின் மகன் மனந்திரும்பிய கதை இது.

முதல் புதினத்தில் ரிவர்ஸ் விடுப்பில் கென்ட் சென்று ஆலய ஆராதனையில் அமர்ந்திருக்கும் அதிகாரம் ஒன்றுண்டு. பலிபீடத்துக்கு மேலுள்ள வண்ணச் சாளரத்தில் சிலுவையும், அதன்கீழ் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட ஓங்கும் காட்சியும் தீட்டப்பட்டுள்ளன. தகப்பனுக்குக் கீழ்ப்படியும் மகன் ஒருநாள் தானும் தகப்பனாகிக் கீழ்ப்படிதலைப் பெறுவான் என்பதே ஆண்வழிச் சமுதாயத்தின் உடன்படிக்கை என்று அவர் எண்ணுகிறார். பிரான்சில் அந்த உடன்படிக்கை முறிந்துகொண்டிருக்கிறது, மகன்கள் இறக்கின்றனர், தகப்பன்மார் பாட்டுப் பாடுகின்றனர். ஓவன் மறு ஆண்டு எழுதிய கவிதை ஒன்று ஆதியாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்கிறது. அதில் தூதன் கூப்பிடுகிறான், ஆட்டுக்கடாவும் காட்டப்படுகிறது. முதியவர் கேளாமல் மகனை வெட்டிவிடுகிறார். ஓவன் 1918 நவம்பர் 4ஆம் நாள் சாம்பர் கால்வாய்க் கரையில் இறந்தார். நவம்பர் 11இல் போர் நிறுத்தத்துக்கு ஆலய மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தபோது அவர் பெற்றோருக்குத் தந்தி வந்தது. 1962 மே 30ஆம் நாள், குண்டுவீச்சில் அழிந்து புதிதாகக் கட்டப்பட்ட காவென்ட்ரி பேராலயத்தின் பிரதிஷ்டை விழாவையொட்டி பெஞ்சமின் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்' அங்கு முதன்முறை இசைக்கப்பட்டது. காணிக்கைப் பகுதியில், ஆபிரகாமுக்கும் அவன் சந்ததிக்கும் தேவன் அளித்த வாக்குத்தத்தத்தை இலத்தீனில் பாடகர் குழு பாடி முடிக்க, ஓவனின் அக்கவிதை தொடர்கிறது. முதியவர் வெட்டும் இடம் வந்ததும், தொலைவிலிருந்து சிறுவர் குழு பலியும் துதியும் ஏறெடுக்கும் இலத்தீன் செபத்தைப் பாடுகிறது. அச்சிறுவர் பாடிக்கொண்டிருக்கும்போதே ஆண் பாடகர் இருவரும் கவிதையின் கடைசி அடியை மீண்டும் மீண்டும் பாடுகின்றனர்.